மாஸ்கோ பேசிய தமிழ்

கடலூர்க்காரர்கள் அவ்வளவாகப் பீற்றிக்கொள்ளாத பெருமை ஒன்று உண்டு. புதுமைப்பித்தன் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில், 1906 ஏப்ரல் 25. ஜெயகாந்தன் பிறந்தது மஞ்சக்குப்பத்தில், 1934 ஏப்ரல் 24. தமிழ்ச் சிறுகதையின் இரண்டு பெரிய வாயாடிகளை ஒரே ஊர் பெற்றுக் கொடுத்திருக்கிறது. முன்னவர் விஷயத்தில் ஊருக்குப் பெரிய பங்கில்லை என்பது உண்மைதான். தகப்பனாரின் அரசாங்க உத்தியோகம் கொண்டுவந்து சேர்த்த இடம் அது. அப்புறம் திருநெல்வேலி தன் பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொண்டது. பின்னவரோ ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, விழுப்புரத்தில் மாமா வழியாகக் கம்யூனிசத்தைக் காதில் வாங்கிக்கொண்டு, பன்னிரண்டு வயதில் சென்னைக்குப் போய்க் கட்சிக் கம்யூனில் வளர்ந்தவர்.

இருவருக்கும் பொதுவாக இன்னொரு ஊர் இருந்தது. மாஸ்கோ.

யாரையும் எதையும் நையாண்டி செய்யாமல் விடாத புதுமைப்பித்தன் முசோலினியைப் பற்றி ‘பாசிஸ்ட் ஜடாமுனி’ எழுதினார். ஹிட்லரைப் பற்றி ‘கப்சிப் தர்பார்’. தலைப்பிலேயே இரண்டு பேரையும் தோலுரித்துவிடுகிறார். அதே கை ‘ஸ்டாலினுக்குத் தெரியும்’ என்றும் ஒரு புத்தகம் எழுதியது. அங்கே நையாண்டி இல்லை. ஸ்டாலினின் கொள்கைகளை ஆதரிக்கும் எழுத்து அது. கடவுளையே கந்தசாமிப் பிள்ளை வீட்டுக்கு அழைத்துவந்து பத்திரிகைச் சந்தா கட்டவைத்த எழுத்தாளர், கிரெம்ளின் வாசலில் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

பாசிசத்தை எதிர்த்த ஒருவருக்கு அன்றைக்கு வேறு போக்கிடம் இல்லை என்று சொல்லலாம். பாதி உண்மை. மீதிப் பாதிக்கு, தென்னார்க்காடு என்று அன்று அழைக்கப்பட்ட இந்த மாவட்டமே நல்ல உரைகல். ஒரு கம்யூனிஸ்ட் வல்லரசின் பிரச்சாரம் கதையாகவும் புத்தகமாகவும் கொதிகலனாகவும் வந்து இறங்கிய மண் இது. மொழிக்காக ஒரு மாணவன் சுடப்பட்ட மண்ணும் இதுதான். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இல்லை.

அந்த வருஷம் 1938

1938 மார்ச் 13. சோவியத் அரசு ஓர் ஆணை போடுகிறது. ரஷ்யர் அல்லாத குடியரசுகளிலும் பகுதிகளிலும் உள்ள எல்லாப் பள்ளிகளிலும் ரஷ்ய மொழி இனிக் கட்டாயப் பாடம். ஐந்தாறு வாரம் கழித்து ஏப்ரல் 21. சென்னை மாகாணத்தில் ராஜாஜி அரசு 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கி உத்தரவு போடுகிறது.

இரண்டு அரசும் ஒன்றையொன்று பார்த்துச் செய்ததல்ல. பெரிய நாடு ஒன்றை ஒரே மொழியால் கட்டிவிட முடியும் என்ற நம்பிக்கை அந்தக் காலத்துக் காற்றில் இருந்தது, அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு நடந்தவை வேறு வேறு. சென்னையில் மறியல் நடந்தது. கூட்டம் கூட்டமாகச் சிறை போனார்கள். நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் கைதிகளாகவே இறந்தார்கள். 1940 பிப்ரவரியில் உத்தரவு வாபஸ் ஆயிற்று. சோவியத்தில் மறியல் இல்லை. மறியல் செய்யக்கூடிய உக்ரேனிய, கசாக், கிர்கிஸ் படிப்பாளிகளையும் தலைவர்களையும் 1937-லிருந்தே வேட்டையாடி முடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆணை நிலைத்தது.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அநியாயம். 1920களில் அதே சோவியத் அரசு சிறுபான்மை மொழிகளுக்குச் செய்ததை உலகில் வேறெந்த அரசும் அதுவரை செய்ததில்லை. எழுத்தே இல்லாத மொழிகளுக்கு எழுத்து கொடுத்தார்கள். மலைக் கிராமங்களில் தாய்மொழிப் பள்ளி திறந்தார்கள். ஜார் காலத்தில் அச்சேறாத மொழிகளில் செய்தித்தாள் வந்தது. தேசிய இனப் பிரச்சினை பற்றி ஸ்டாலின் 1913-இல் எழுதிய நூலை நம்மூர்க் கம்யூனிஸ்டுகள் பாடமாகவே படித்தார்கள். சோவியத்தில் எல்லா மொழியும் சமம் என்று தமிழ் மேடைகளில் அவர்கள் பேசியபோது பொய் பேசவில்லை. பத்து வருஷம் பழைய உண்மையைப் பேசினார்கள். நல்ல பிரச்சாரத்துக்கு அடித்தளம் எப்போதும் ஒரு பழைய உண்மைதான்.

அண்ணாமலை நகரிலிருந்து

1929-இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் பெயரால் தொடங்கிய பல்கலைக்கழகம், பத்தே ஆண்டுகளில் தலைமறைவுக் கட்சிக்கு ஆள் அனுப்பத் தொடங்கிவிட்டது. கே. பாலதண்டாயுதம் அங்கே படித்தவர். காசர்கோட்டிலிருந்து படிக்க வந்த ஆர். உமாநாத் படிப்பை நடுவில் விட்டுவிட்டுத் தலைமறைவானார். 1940-இல் சென்னைச் சதி வழக்கில் பி. ராமமூர்த்தி, மோகன் குமாரமங்கலம் ஆகியோரோடு அவரும் பிடிபட்டார்.

அந்த வழக்கின் காலத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 1939 ஆகஸ்டில் ஸ்டாலினும் ஹிட்லரும் போர் தொடுக்கா ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். ஆகவே நடப்பது ஏகாதிபத்தியப் போர், அதற்கு உதவாதே என்பது கட்சியின் குரல். அதை எழுதியதற்கும் பரப்பியதற்கும்தான் இளைஞர்கள் உள்ளே போனார்கள். 1941 ஜூனில் ஹிட்லர் சோவியத் மீது பாய்ந்தான். அந்த ஆண்டு முடிவதற்குள் அதே போர் ‘மக்கள் யுத்தம்’ ஆகிவிட்டது. 1942 ஜூலையில் கட்சி மீதான தடை நீங்கியது. ஆகஸ்டில் காந்தி ‘வெள்ளையனே வெளியேறு’ என்றபோது கட்சி எதிர்ப்பக்கம் நின்றது. அந்தக் கறையைப் பற்றி எண்பது வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறோம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சொந்த நாட்டின் விடுதலைக்காகச் சிறை போகத் துணிந்த இருபது வயதுப் பிள்ளைகள், எங்கோ ஒரு நாட்டின் பாதுகாப்பைத் தங்கள் நாட்டின் பாதுகாப்பாகவே உணர்ந்தார்கள். யாரும் அவர்களைக் காசு கொடுத்து வாங்கவில்லை. தெலுங்கு, மலையாளம், தமிழ் பேசும் பையன்கள் சாதியும் ஊரும் கேட்காமல் ஒரே அறையில் படுத்து உறங்கும் ஒரு வாழ்க்கையைக் கட்சி கொடுத்தது. அதன் பெரிய வடிவம் சோவியத் என்று நம்பினார்கள்.

1942-இல் இன்னொன்றும் நடந்தது. இந்தியா பல தேசிய இனங்களின் நாடு, ஒவ்வொன்றுக்கும் சுயநிர்ணய உரிமை உண்டு என்று ஜி. அதிகாரி எழுதிய அறிக்கையைக் கட்சி ஏற்றது. ஸ்டாலினின் நூலை இந்திய வரைபடத்தின் மேல் விரித்துப் பார்த்த வேலை அது. பாகிஸ்தான் கோரிக்கையோடு அது சிக்கிக்கொண்டதால் பின்னாளில் கட்சியே அதைக் கைகழுவியது. ஆனாலும் மொழிவழி மாநிலம் வேண்டும் என்று ஜீவாவும் ராமமூர்த்தியும் பேசியதில் அந்த எண்ணத்தின் மிச்சம் இருந்தது. சட்டமன்றத்தில் தமிழில் பேசுவதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தவர்கள் அவர்கள். திராவிட இயக்கம் மட்டுமே தமிழைத் தூக்கிப் பிடித்தது என்ற இன்றைய கதையில் இந்தப் பக்கம் கிழிந்து போயிருக்கிறது.

நட்பின் விலை ஒண்ணேகால் ரூபாய்

1955 கடைசியில் குருஷேவும் புல்கானினும் இந்தியா முழுக்கச் சுற்றிவிட்டுப் போனார்கள், சென்னை உட்பட. அதோடு மாஸ்கோவின் பேச்சு மாறியது. நேற்றுவரை ஏகாதிபத்தியத்தின் கையாள் என்று வையப்பட்ட நேரு, சமாதானத்தின் தூதரானார். சுயநிர்ணயம், தேசிய இனம் எல்லாம் இந்தியாவைப் பொறுத்தவரை பேச்சிலிருந்தே விழுந்தன. ஒன்றுபட்ட இந்தியா மாஸ்கோவுக்கு நண்பனாகத் தேவைப்பட்டது.

அதே சமயம் அந்த ஒன்றுபட்ட இந்தியாவோடு பேச மாஸ்கோ இந்தியை மட்டும் நம்பவில்லை. இங்கேதான் அதன் கெட்டிக்காரத்தனம். அயல்மொழிப் பதிப்பகம், 1963 முதல் முன்னேற்றப் பதிப்பகம், பிற்பாடு கதை, நாவலுக்கென்றே ராதுகா, அறிவியலுக்கு மீர் என்று வரிசையாகத் தமிழில் அச்சடித்துக் குவித்தார்கள். பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா, நா. தர்மராஜன், முகம்மது செரீபு என்று மொழிபெயர்ப்பாளர்கள் மாஸ்கோவில் குடித்தனமே நடத்தினார்கள். 1951-இல் தொடங்கிய நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் இங்கே விற்றது. புத்தகம் ஏற்றிய வண்டி ஊர் ஊராக வந்தது. கெட்டி அட்டை, நல்ல தாள், வண்ணப் படம், விலையோ ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்கும் குறைவு. உள்ளூர்ப் பதிப்பாளர்கள் வயிறெரிந்ததில் நியாயம் இருக்கிறது.

‘சோவியத் நாடு’ இதழ் இன்னொரு கதை. தூதரகத்தின் தகவல் பிரிவு வெளியிட்ட அந்தப் பளபளப்புத் தாளில், டிராக்டர் ஓட்டும் பெண்களும் கோதுமை வயலும் ஆப்பிள் கன்னக் குழந்தைகளும் வருவார்கள். அறுபது, எழுபதுகளில் படித்தவர்கள் எல்லாருக்கும் ஒரு நினைவு உண்டு: பள்ளித் திறப்பு வாரத்தில் நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போட அதைவிட நல்ல தாள் கிடையாது. உலகில் இவ்வளவு செலவு செய்து நடத்தப்பட்ட பிரச்சார இதழ் ஒன்று, மேற்கு உஸ்பெக் பருத்தி அறுவடையை வெளிப்பக்கம் காட்டியபடி, எட்டாம் வகுப்புக் கணக்கு நோட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. பிரச்சாரத்தில் பெரும்பகுதி இப்படித்தான் வீணாகப் போகிறது. எந்தத் தூதரகமும் அதை அறிக்கையில் எழுதுவதில்லை.

அமெரிக்காவும் சும்மா இருக்கவில்லை. அவர்களுடைய ‘அமெரிக்கன் ரிப்போர்ட்டர்’ வந்தது. தமிழில் அமெரிக்க நாவல்கள் மானியத்தில் வந்தன. க.நா.சு. ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’யை மொழிபெயர்த்தார். ஆனால் ஊர்ப்புற வாசகசாலையின் அலமாரியில் வென்றது மாஸ்கோதான். காரணம் எளிது. அவர்கள் அனுப்பியது வெறும் லெனின் தொகுப்பு அல்ல. டால்ஸ்டாயையும் தஸ்தயேவ்ஸ்கியையும் செகாவையும் சேர்த்து அனுப்பினார்கள். ‘வெண்ணிற இரவுகள்’ படித்துக் காதல் நோய் பிடித்த தமிழ் இளைஞனுக்கு அந்தக் காலத்து பீட்டர்ஸ்பர்க்குக்கும் கூட்டுப் பண்ணைக்கும் வித்தியாசம் மறந்துபோகும். ஜார் காலத்து இலக்கியத்தின் மகிமை முழுவதும் சோவியத் ஆட்சியின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. தஸ்தயேவ்ஸ்கியை ஸ்டாலின் காலத்தில் அந்த நாட்டிலேயே ஒதுக்கி வைத்திருந்தார்கள் என்பது தமிழ்ப் பதிப்பின் வாசகனுக்கு எங்கே தெரியும்?

இந்த வேலையில் நடுநாயகமாக இருந்தவர் தொ.மு.சி. ரகுநாதன். கார்க்கியின் ‘தாய்’ நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். புதுமைப்பித்தனின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரும் அவர்தான். சொந்தமாக ‘சாந்தி’ இதழ் நடத்திக் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு, சோவியத் செய்தித் துறையின் சென்னை அலுவலகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தார். திறமையான தமிழ் எழுத்தாளனுக்கு மாதச் சம்பளம் கொடுக்கச் சொந்த நாட்டில் ஆள் இல்லை. அயல்நாட்டு அரசு கொடுத்தது. அதற்காக அவரை யாரும் பழிக்கவும் முடியாது. பாரதி ஆய்வுக்கும் புதுமைப்பித்தன் ஆய்வுக்கும் அவர் செய்தவை அந்தச் சம்பளத்தைத் தாண்டி நிற்கின்றன.

ஜெயகாந்தன் கதை இன்னும் சிக்கல். ஜனசக்தி அச்சகத்தில் வேலை பார்த்தவர், 1949-இல் கட்சி தடைசெய்யப்பட்டபோது தஞ்சாவூர் செருப்புக் கடையில் நாள் ஓட்டியவர், பின்னர் கட்சியை விட்டு விலகிக் காமராஜரின் பக்கம் போனார். ஆனால் மாஸ்கோவை விடவில்லை. சோவியத் நாடு நேரு விருது அவருக்குக் கிடைத்தது. சோவியத் மறைந்து இருபது ஆண்டு கழித்து, 2011-இல், ரஷ்ய அரசு நட்புறவு விருது கொடுத்தது. கட்சியை எதிர்த்துக்கொண்டே சோவியத்தை நேசிப்பது எப்படி என்று அவரைக் கேட்டிருந்தால் மீசையை முறுக்கிக்கொண்டு நம்மைத்தான் திட்டியிருப்பார். என் கணிப்பு இது: கட்சி அவருக்கு ஒரு வர்க்கத்தைக் கொடுத்தது; மாஸ்கோவோ ஒரு தேசத்தைக் கொடுத்தது, இந்தியா என்ற தேசத்தை. பல மொழி, ஒரே நாடு என்ற சோவியத் படத்தை அப்படியே இந்தியாவின் மேல் ஒட்டிப் பார்த்தவர் அவர். பிரிவினை பேசிய திராவிட இயக்கத்தின் மீது அவருக்கிருந்த கடுங்கோபத்தில் அந்தப் படத்துக்கும் பங்கு உண்டு.

கொதிகலன் தமிழ்

புத்தகத்தை எரித்துக் குளிர் காய முடியாது. நெய்வேலியில் முடிந்தது.

1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகம் உருவானது. 1957 மே 20-இல் சுரங்க வேலையை நேரு தொடங்கிவைத்தார். அதே ஆண்டு நவம்பரில் போடப்பட்ட சோவியத் கடன் ஒப்பந்தத்தில் நெய்வேலி அனல்மின் நிலையமும் இருந்தது. சுரங்கத்தைத் தோண்டும் ராட்சத வாளிச் சக்கர எந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன. அனல்மின் நிலையம் சோவியத்திலிருந்து வந்தது. 1961 ஆகஸ்டில் பெர்லினில் இரண்டு உலகங்களுக்கும் நடுவே சுவர் எழும்பியது. அதே ஆகஸ்டில் நெய்வேலி மண்ணுக்கடியில் பழுப்பு நிலக்கரி தட்டுப்பட்டது. அங்கே முள்கம்பி; இங்கே மேற்கு ஜெர்மன் எந்திரம் வெட்டிக் கொடுக்கும் கரியை சோவியத் கொதிகலன் எரிக்கத் தயாராகிக்கொண்டிருந்தது. 1962-இல் முதல் அலகு ஓடத் தொடங்கியது. 1970 வாக்கில் 600 மெகாவாட்.

இதைவிட நல்ல பிரச்சாரம் எந்த நாட்டுக்கும் கிடைக்காது. வீட்டில் எரியும் குண்டு பல்பு மறுப்புரை எழுதாது. பிலாய் உருக்காலையும் நெய்வேலியும் ‘சோவியத் நாடு’ பக்கங்களில் திரும்பத் திரும்ப வந்ததில் ஆச்சரியம் இல்லை. மின்சாரம் உண்மை. வேலை உண்மை. மாவட்டத்தின் எத்தனையோ குடும்பங்கள் தலைதூக்கியது உண்மை.

டவுன்ஷிப்பின் நேர்த்தியான சாலைகளுக்கு வெளியே இருந்த கிராமங்களின் படம்தான் இரு நாட்டுப் பிரச்சாரத்திலும் வரவில்லை. நிலம் கொடுத்தவர்களிடம் இது தேசத்துக்காக என்றார்கள். தேசம் என்ற சொல்லுக்குக் கம்யூனிஸ்ட், காங்கிரஸ் என்ற பேதம் இல்லை. நிலம் எடுக்கும்போது எல்லா ஆட்சியும் அந்த ஒரே சொல்லைத்தான் சொல்கிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பச்சைப் பயிரின் மேல் மண்வாரி எந்திரம் ஏறியபோதும் அதே சொல்தான். சோவியத் கட்டிய முதல் அனல்மின் நிலையம் அதற்கு மூன்றாண்டு முன்பே, 2020-இல், ஓய்ந்துவிட்டிருந்தது. எரித்தது போய்விட்டது, வெட்டுவது நிற்கவில்லை.

சிதம்பரம், திபிலீசி

1965 ஜனவரி 27. இந்தி ஆட்சிமொழி ஆவதை எதிர்த்து அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் ஊர்வலம் வந்தார்கள். போலீஸ் சுட்டது. இராசேந்திரன் என்ற மாணவர் இறந்தார். அவர் சிலை இன்றும் அண்ணாமலை நகரில் நிற்கிறது.

1978 ஏப்ரல் 14. சோவியத் ஜார்ஜியாவின் தலைநகர் திபிலீசி. புதிய அரசியல் சட்ட வரைவில் ஜார்ஜிய மொழிக்கு ஆட்சிமொழி என்ற தகுதியை எடுத்துவிடுகிறார்கள் என்று தெரிந்ததும் பல்கலைக்கழக மாணவர்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். அன்று யாரும் சுடவில்லை. அன்றே அரசு பணிந்தது. மொழி தகுதியைக் காப்பாற்றிக்கொண்டது.

ஜனநாயகம் சுட்டது, சர்வாதிகாரம் பணிந்தது என்று முடித்துவிட்டால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதோடு முடியவில்லை. சிதம்பரத்தில் விழுந்த குண்டு மறுநாள் பத்திரிகையில் வந்தது. இரண்டு வாரத்தில் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் உறுதிமொழி கொடுக்க வேண்டி வந்தது. இரண்டு வருஷத்தில், சுட்ட மாநில அரசையே மக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். காங்கிரஸ் அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் ஆட்சியைப் பிடிக்கவே இல்லை. திபிலீசி மாணவர்களின் வெற்றியையோ சோவியத் பத்திரிகைகள் ஊருக்குச் சொல்லவில்லை. அடுத்த குடியரசில் இருந்தவனுக்கே அரசல் புரசலாகத்தான் தெரியும். நமக்கு எங்கிருந்து?

தெரிந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்பதுதான் எனக்குச் சந்தேகம். உலகத்தில் வேறு யாரையும்விடத் தமிழனுக்கு அந்தக் கேள்வி எளிதாக உதித்திருக்க வேண்டும்: உங்கள் நாட்டில் எல்லா மொழியும் சமம் என்கிறீர்களே, கிர்கிஸ்காரன் பிள்ளை எந்த மொழியில் பட்டம் வாங்குகிறான்? தில்லியைப் பார்த்து அனல் கக்கிய தலைமுறை, மாஸ்கோவைப் பார்த்து இதை உரக்கக் கேட்டதாகத் தெரியவில்லை. அவர்கள் நம் மொழியில் நம்மிடம் பேசிவிட்டார்கள் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வாசலுக்கு வந்து நம் பாஷையில் குசலம் விசாரிப்பவனிடம், உன் வீட்டில் யாரையாவது அடிக்கிறாயா என்று கேட்க நா எழாது.

ஐத்மாத்தவின் அப்பா

சிங்கிஸ் ஐத்மாத்தவைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ‘ஜமீலா’வும் ‘முதல் ஆசிரிய’ரும் பூ. சோமசுந்தரத்தின் தமிழில் இங்கே இரண்டு தலைமுறையை அழவைத்தவை. அரைகுறை எழுத்தறிவோடு குதிரைக் கொட்டிலைப் பள்ளிக்கூடமாக்கும் துய்ஷேனை, தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர்கள் இன்றும் தங்கள் ஆளாகவே நினைக்கிறார்கள். அந்தக் கதை மனசை அசைப்பது உண்மை. சோவியத் ஆட்சி அந்த மலைக்குப் பள்ளியைக் கொண்டுபோனதும் உண்மை.

ஐத்மாத்தவின் தந்தை தொரகுல் கிர்கிஸ் கட்சியின் முன்னணித் தலைவர்களில் ஒருவர். 1937-இல் கைது செய்தார்கள். 1938 நவம்பரில் சுட்டுக் கொன்றார்கள், ரஷ்ய மொழி கட்டாயமான அதே வருஷம். எங்கே புதைத்தார்கள் என்பது ஐம்பது ஆண்டுக்கு மேல் குடும்பத்துக்குத் தெரியாது. 1991-இல், சோவியத் உடையும் தருணத்தில், நூற்றுக்கு மேற்பட்ட சடலங்கள் கிடந்த ஒரே குழியில் அவர் எலும்பும் கிடைத்தது. 2008-இல் மகனையும் அதே இடத்தில்தான் அடக்கம் செய்தார்கள்.

அந்த மக்களின் எழுத்துக்கு நேர்ந்ததையும் பார்க்கலாம். அரபி எழுத்தில் எழுதப்பட்ட கிர்கிஸ் மொழியை 1920களின் கடைசியில் லத்தீனுக்கு மாற்றினார்கள். 1940 வாக்கில் அதையும் எடுத்துவிட்டு ரஷ்யர்களின் சிரிலிக் எழுத்தைக் கொடுத்தார்கள். தாத்தா எழுதியதை அப்பா படிக்க முடியாது. அப்பா எழுதியதைப் பிள்ளை படிக்க முடியாது. அதே அரசு தமிழுக்கு மட்டும் துணைக்கால், கொம்பு, புள்ளி ஒன்று பிசகாமல் மாஸ்கோவில் எழுத்துக் கோத்தது. தமிழன் அவர்கள் ஆளுகைக்குள் இல்லை. அதுவே நம் எழுத்துக்குக் கிடைத்த மரியாதையின் காரணம்.

பின்னாளில் ஐத்மாத்தவே இதைப் பற்றி எழுதினார், அதுவும் சோவியத் தணிக்கையின் கண்ணெதிரே. 1980-இல் வந்த அவருடைய பெரிய நாவலில் மன்குர்த் என்ற அடிமை வருகிறான். நினைவைப் பறிகொடுத்தவன், பெற்ற தாயையே எஜமானன் ஏவலில் அம்பெய்து கொல்பவன். மத்திய ஆசியா முழுக்க அந்தச் சொல் தன் மொழி மறந்தவனுக்குப் பெயராகிவிட்டது. பிரச்சாரத்துக்குப் பயன்பட்ட எழுத்தாளன் பிரச்சாரத்தைத் தாண்டி எழுதியது அங்கே. அவரை நமக்குத் தந்ததும் அதே பிரச்சார எந்திரம்தான். இதில் நன்றியையும் கோபத்தையும் தனித்தனியாகப் பிரித்தெடுப்பது கஷ்டம்.

இன்னொருவர் அலெக்சாந்தர் பியாத்திகோர்ஸ்கி. 1960-இல் மாஸ்கோவில் வெளிவந்த தமிழ்–ரஷ்ய அகராதியை செம்யோன் ரூதினோடு சேர்ந்து தொகுத்தவர். தமிழ்ப் பக்தி இலக்கியம் கற்றவர். மாற்றுக் கருத்தாளர்களுக்கு ஆதரவாக நின்றதால் அறுபதுகளின் கடைசியில் வேலை போனது; 1974-இல் நாட்டைவிட்டே வெளியேறினார். கடைசிவரை லண்டனில் வாழ்ந்து 2009-இல் இறந்தார். சோவியத்–தமிழ் நட்பின் அஸ்திவாரக் கல் ஒன்றை நட்டவருக்கு சோவியத்தில் இடமில்லாமல் போனது. நட்புறவு விழா மேடைகளில் அவர் பெயரை யார் சொல்லியிருப்பார்கள்?

1991-க்குப் பிறகு மாஸ்கோவின் தமிழ் அச்சு நின்றது. பழைய பிரதிகள் நடைபாதைக் கடைகளில் கிடைக்கின்றன. முக்கியமானவை மறுபதிப்பாகவும் வருகின்றன. வரட்டும். பதிப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும்: ‘முதல் ஆசிரிய’ருக்கு முன்னால் ஐத்மாத்தவின் அப்பாவைப் பற்றி மூன்று பக்கம் சேருங்கள். துய்ஷேனின் மேல் வாசகனுக்குள்ள அன்பு குறைந்துவிடாது.

இப்போது பெய்ஜிங்

மாஸ்கோ ஓய்ந்தாலும் வேறொரு குரல் ஓயவில்லை. சீன வானொலி தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது 1963 ஆகஸ்டில், இந்தியாவோடு போர் முடிந்து ஓராண்டு ஆவதற்குள். சண்டை போட்ட நாட்டிலும் ஒரு மாநிலத்து மொழியைத் தேடிப் பிடித்துப் பேசியது, மாஸ்கோவிடம் கற்ற பாடம். கலைமகள், வாணி என்று தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்ட சீனர்கள் சுத்தத் தமிழில் செய்தி வாசித்தார்கள். தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் நேயர் மன்றம் முளைத்தது. கடிதங்கள் மூட்டை மூட்டையாகப் போயின. பொது அறிவுப் போட்டியில் வென்றவர்கள் சீனா போய் வந்தார்கள். இப்போது சிற்றலை வானொலி போய் இணையத்துக்கும் ஃபேஸ்புக்குக்கும் வந்திருக்கிறார்கள். நம் தொலைக்காட்சிச் செய்தியைவிட அவர்கள் தமிழ் நன்றாக இருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

2020 செப்டம்பரில் சீனாவின் உள்மங்கோலியாவில் பள்ளி திறந்தபோது, மங்கோலிய வழிப் பள்ளிகளில் மொழி, அரசியல், வரலாறு ஆகிய மூன்று பாடங்களை மாண்டரினுக்கு மாற்றும் உத்தரவு வந்தது. பெற்றோர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தார்கள். போலீஸ் பட்டியல் போட்டுத் தேடியது. உத்தரவு நிலைத்தது. நேயர் மன்றத்துக்காரர்கள் கேள்வி எழுதி அனுப்புவதில் வல்லவர்கள். சீனப் பெருஞ்சுவர் முதல் பாண்டா கரடிவரை விட்டுவைத்ததில்லை. மங்கோலியப் பிள்ளைகளின் பாடப்புத்தகம் பற்றியும் யாராவது ஒரு கடிதம் எழுதிப் போடலாம். தமிழிலேயே எழுதலாம், அங்கே படிக்க ஆள் இருக்கிறது.